வீட்டுக்குத் தூரமான எலிகள்

1971 கோடையில் கலிஃபோர்னியாவின் 'பாலோ ஆல்டோ டைம்ஸ்' பத்திரிகையில் ஒரு வரி விளம்பரம் வந்தது. சிறை வாழ்க்கையைப் பற்றிய உளவியல் ஆய்வுக்குக் கல்லூரி மாணவர்கள் வேண்டும், ஒன்றிரண்டு வாரம், நாளைக்கு 15 டாலர். அந்தக் காலத்து மாணவனுக்கு அது நல்ல காசு. எழுபதுக்கும் மேற்பட்டோர் மனுப்போட, 24 பேரைப் பொறுக்கி எடுத்தார்கள். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் ஹால் நிலவறையில் அவர்கள் கைதிகளாகவும் காவலர்களாகவும் பிரிக்கப்பட்டதும், இரண்டு வாரம் நடக்க வேண்டிய ஆய்வு ஆறே நாளில் நின்றுபோனதும் பலருக்குத் தெரிந்த கதை. யூடியூபில் உளவியல் பேசுகிற எவரும் இதைத் தொடாமல் விடுவதில்லை. முடிவில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: அதிகாரம் கையில் கிடைத்தால் மனிதன் மிருகமாகிவிடுவான்.

எந்த மனிதன்? விளம்பரத்தின் முதல் சொல்லே 'ஆண்' என்பதுதான். பொறுக்கி எடுத்த 24 பேரும் இளைஞர்கள்.

தமிழில் இந்தச் சங்கதி கண்ணில் படாமல் நழுவிவிடுகிறது. 'மனிதன் ஒரு சமூக விலங்கு' என்று பள்ளிப் புத்தகத்தில் படிக்கும்போது, கடைசியில் நிற்கிற 'ன்' நம்மை உறுத்துவதில்லை. எல்லாரும் அதில் அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறோம். அதே இடத்தில் 'மனுஷி' என்று போட்டுப் பாருங்கள். ஒரு ஆண்கூட உள்ளே வர மாட்டான். உளவியல் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இந்த 'ன்' விகுதியில்தான் எழுதப்பட்டது. பெரும்பான்மை தவறென்று தெரிந்தும் ஒருவன் அதற்கு ஒத்து ஊதுவானா என்று 1950-களில் சாலமன் ஆஷ் சோதித்தது ஆண் மாணவர்களை. மேலதிகாரி சொன்னால் சக மனிதனுக்கு மின் அதிர்ச்சி கொடுப்பானா என்று ஸ்டான்லி மில்கிராம் 1963-இல் வெளியிட்ட முதல் ஆய்வில் இருந்தவர்கள் 40 பேர், அத்தனை பேரும் ஆண்கள். அறவுணர்வு எப்படிப் படிப்படியாக வளர்கிறது என்று லாரன்ஸ் கோல்பெர்க் ஏணி கட்டியது சிறுவர்களின் பதில்களை வைத்து. நல்வாழ்வின் ரகசியம் என்று இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஹார்வர்ட் நெடுங்கால ஆய்வு 1938-இல் தொடங்கியபோது அதில் ஒரு பெண் இல்லை. அந்தக் கல்லூரியில் பெண்கள் படிக்கவே இல்லை.

ஸ்டான்ஃபர்ட் நிலவறைக்குத் திரும்புவோம். ஐந்தாம் நாள் இரவு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற இளம் உளவியலாளர் அங்கே வந்தார். முனைவர் பட்டம் வாங்கிய கையோடு பெர்க்லியில் வேலைக்குச் சேரவிருந்தவர். ஆய்வை நடத்திய பிலிப் சிம்பார்டோவின் காதலியும்கூட. தலையில் காகிதப் பை மாட்டிய இளைஞர்களை வரிசையாகக் கழிப்பறைக்கு இழுத்துப்போவதைப் பார்த்து அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிரவு சிம்பார்டோவுடன் பெரிய சண்டை. அதுவரை ஐம்பது பேருக்கு மேல் அங்கே வந்துபோனார்கள், இது சரியா என்று கேட்டவர் இவர் ஒருவர்தான் என்று சிம்பார்டோவே பின்னாளில் எழுதினார். காவலர்களுக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தது உட்பட, அந்த ஆய்வின் ஓட்டைகள் எல்லாம் இப்போது வெளிவந்துவிட்டன. அதனால் அதை வைத்து ஆணைப் பற்றியும் ஒன்றும் சொல்ல முடியாது, பெண்ணைப் பற்றியும் சொல்ல முடியாது. மாஸ்லாக்கின் கேள்வியை மட்டும் வைத்துக்கொள்வோம்.

*

உளவியலில் பெண்கள் இல்லாமல் இருந்தார்கள் என்பது சரியல்ல. இருந்தார்கள், கதவுக்கு வெளியே.

1904-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் டிட்ச்னர், 'பரிசோதனையாளர்கள்' என்றொரு குழுவைக் கூட்டினார். ஆண்டுக்கு ஒரு முறை ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் சந்திப்பு. அரைகுறையாக நிற்கிற ஆய்வுகளைப் பற்றி மனம்விட்டுப் பேச வேண்டும், சுருட்டுப் பிடிக்க வேண்டும், பெண்கள் இருந்தால் இரண்டும் முடியாது என்பது அவர் கட்சி. இதே டிட்ச்னரின் மாணவி மார்கரெட் வாஷ்பர்ன்தான் 1894-இல் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். பட்டம் கொடுக்கக் கை வந்தது, நாற்காலி போட வரவில்லை.

நிறம் நம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதற்குத் தனிக் கோட்பாடே வகுத்த கிறிஸ்டின் லாட் ஃபிராங்க்ளின், டிட்ச்னரை ஆண்டுக்கணக்கில் கடிதத்தால் துளைத்தார். அவருக்கு இந்த மாதிரிக் கதவுகள் பழக்கம். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1882-லேயே முனைவர் பட்டத்துக்கான வேலை எல்லாவற்றையும் முடித்தவர். பெண் என்பதால் பட்டம் நின்றது. 1926-இல் கைக்கு வந்தபோது அவருக்கு வயது 78. இன்னொரு சம்பவத்தை, உளவியலின் வரலாற்றை எழுதிய எட்வின் போரிங் சொல்கிறார். ஆண்கள் மட்டும் பேசுகிற உளவியல் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க, அவர் பின்னாளில் மணந்த லூசி டேயும் ஒரு தோழியும் பக்கத்து அறையில் கதவைச் சற்றே திறந்துவைத்து ஒளிந்திருந்து கேட்டார்களாம். காதுக்கு ஒரு சேதமும் இல்லை.

1927-இல் டிட்ச்னர் இறந்தார். இரண்டே ஆண்டில், 1929-இல், நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனில் கூடிய குழு தன்னை முறையான சங்கமாக மாற்றிக்கொண்டு, வாஷ்பர்னையும் இன்னொரு உளவியலாளரான ஜூன் டவ்னியையும் உறுப்பினர்களாகச் சேர்த்தது. இதில் ஒரு வேடிக்கை, அந்தப் பிரின்ஸ்டனில் இளங்கலை மாணவிகள் சேர இன்னும் 40 ஆண்டுகள் ஆயின. 1969 வரை அது ஆண்கள் கல்லூரி.

சுருட்டுப் புகையில் என்ன போயிற்று என்று கேட்கலாம். எந்தக் கேள்வி கேட்கத் தகுந்தது, எந்த முடிவை நம்பலாம் என்பதெல்லாம் அப்படிப்பட்ட அறைகளில்தான் தீர்மானமாயின. உள்ளே இருந்த எவருக்கும், 'ஆமாம், நாம் பெண்களைச் சோதிக்கவே இல்லையே' என்று தோன்ற ஒரு காரணமும் இருக்கவில்லை.

*

'வீட்டுக்குத் தூரம்' என்ற சொல்லை இந்தத் தலைமுறைக்கு விளக்க வேண்டியிருக்கலாம். மாதவிலக்கான பெண் அந்த மூன்று நாள் எதையும் தொடக் கூடாது, ஓரமாக உட்கார வேண்டும். ஊறுகாய் கெட்டுவிடும், செடி பட்டுப்போகும். நம் பாட்டிகள் இதை ஆசாரம் என்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்களும் உளவியலாளர்களும் இதையே அறிவியல் என்றார்கள். மாதத்தில் சில நாள் பெண்ணின் புத்தியும் கையும் மங்கிவிடும். பொறுப்பான வேலைகளை எப்படி நம்பிக் கொடுப்பது?

லீட்டா ஹாலிங்வொர்த் நெப்ராஸ்காக்காரர், பள்ளி ஆசிரியை. மணம் முடித்து நியூயார்க்கில் குடியேறியபோது, கல்யாணமான பெண்களுக்கு அந்நகரப் பள்ளிகளில் வேலை இல்லை என்றார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனார். மங்குகிறது என்றால் அளந்து பார்ப்போமே என்று 23 பெண்களையும் ஒப்பீட்டுக்குச் சில ஆண்களையும் வைத்து, விரல் தட்டும் வேகம், கை நடுங்காமல் நிற்கும் திறன், நிறங்களைச் சொல்லும் வேகம் எனப் பலவற்றைத் திரும்பத் திரும்பச் சோதித்தார். சிலருக்கு ஒரு மாதம், சிலருக்கு அதைவிட நீண்ட காலம். 1914-இல் வெளியான ஆய்வேட்டில் முடிவு ஒன்றுதான்: மாதச் சுழற்சிக்கும் செயல்திறனுக்கும் தொடர்பு இல்லை.

அதே ஆண்டு இன்னொரு நம்பிக்கையிலும் கை வைத்தார். ஆண்கள் பெண்களைவிட அதிகம் மாறுபடுகிறவர்கள், அதனால்தான் மேதைகளும் ஆண்கள், முட்டாள்களும் ஆண்கள், பெண்கள் எல்லாரும் நடுவில் குவிந்திருக்கிறார்கள் என்று அன்றைய பெரிய தலைகள் சொன்னார்கள். ஹாலிங்வொர்த்தின் வழிகாட்டியான எட்வர்ட் தார்ன்டைக் உட்பட. வளர்ந்தவர்களை அளந்தால் வாய்ப்பு வசதிகளின் வித்தியாசமும் கலந்துவிடும் அல்லவா? அதனால் ஹெலன் மான்டேகுவுடன் சேர்ந்து ஒரு மருத்துவமனையில் பிறந்த 1,000 ஆண் குழந்தைகளின் அளவுகளையும் 1,000 பெண் குழந்தைகளின் அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஆண்கள் அதிகம் மாறுபடுவதாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் 95 ஆண்டுகளைத் தாண்டி மறுபடி கலிஃபோர்னியாவுக்கு வருவோம். பெர்க்லியில் அனலீஸ் பீரி, இர்விங் ஸக்கர் என்ற இருவர், 2009-இல் வெளியான விலங்கு ஆய்வுகளைப் பத்துத் துறைகளில் எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். எட்டுத் துறைகளில் ஆண் விலங்குகளே மிகுதி. நரம்பறிவியலில் ஒற்றைப் பாலை மட்டும் வைத்துச் செய்தவற்றில், பெண் விலங்கை வைத்து ஒரு ஆய்வு என்றால் ஆண் விலங்கை வைத்து 5.5 ஆய்வு. மனச்சோர்வு, அச்சம், நினைவாற்றல், மருந்தின் வேலை எல்லாம் இந்த ஆண் எலிகளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். மனச்சோர்வும் பதற்றமும் பெண்களிடம் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது எல்லாருக்கும் தெரிந்தும்.

ஏன் என்று கேட்டால் ஆய்வகத்தில் பதில் தயாராக இருக்கும். பெண் எலிக்கு நான்கைந்து நாளுக்கு ஒரு முறை ஹார்மோன் சுழற்சி, அளவுகள் ஏறி இறங்கும், கணக்கு கலங்கிவிடும். அதாவது, எலியும் வீட்டுக்குத் தூரம்.

இதைத் தொழில்முறை அறிவு என்று சொல்லி ஆசிரியர் மாணவருக்குக் கொடுத்துவந்தார். அளந்து பார்த்தவர்கள் குறைவு. 2014-இல், ஹாலிங்வொர்த் ஆய்வேட்டுக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, ஸக்கர் தன் சகாக்களுடன் 293 கட்டுரைகளின் எண்களைத் திரட்டினார். சுழற்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் எடுத்த பெண் எலிகள், ஆண் எலிகளைவிட அதிகம் மாறுபடவில்லை. சில பண்புகளில் ஆண்தான் அதிகம் மாறுபட்டது. ஒரே கூண்டில் நான்கைந்து ஆண் எலிகளைப் போட்டால் அவற்றுக்குள் யார் பெரியவன் என்ற சண்டை. ஜெயித்ததற்கு ஒரு ஹார்மோன் அளவு, தோற்றதற்கு ஒன்று. இந்த ஏற்ற இறக்கத்தை எந்த ஆய்வகமும் 'தூரம்' என்று ஒதுக்கவில்லை.

எனக்கு இதில் மிகவும் சுவையாகப் படுவது வேறொன்று. 1914-இல் மாறுபாடு என்பது ஆணின் பெருமை, மேதைமைக்குச் சான்று. நூறு ஆண்டு கழித்து மாறுபாடு என்பது பெண்ணின் தொந்தரவு. ஆய்விலிருந்து விலக்கக் காரணம். புள்ளியியலில் இரண்டும் ஒரே சங்கதி, ஒரே சூத்திரம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2014-இல் இதை முன்வைத்து, 2016 ஜனவரி முதல் பாலையும் கணக்கில் எடுங்கள் என்று நிதி விதியிலேயே எழுதிவிட்டன. பணம் சொன்னால் எலி கேட்கும்.

பழைய மேதைமை வாதமும் சாகவில்லை. 2005-இல் ஹார்வர்டின் தலைவர் லாரன்ஸ் சம்மர்ஸ் அதற்கு ஒரு புதிய சட்டை மாட்டிவிட்டார். மறு ஆண்டு 'நேச்சர்' இதழில் அதற்குப் பதில் எழுதியவர் ஸ்டான்ஃபர்டின் நரம்பியலாளர் பென் பாரஸ். நாற்பது வயதுக்கு மேல் வரை பார்பரா என்ற பெயரில் வாழ்ந்து, பிறகு பாலினம் மாறியவர். மாறிய பிறகு அவர் ஆற்றிய ஒரு உரையைக் கேட்ட பேராசிரியர், இவர் ஆய்வு இவருடைய தங்கையின் ஆய்வைவிட எவ்வளவோ மேல் என்றாராம். அந்தத் தங்கை பார்பராதான்.

*

பெர்க்லியிலேயே இருப்போம், அரை நூற்றாண்டு பின்னால் போய். 1950-களின் இறுதியில் அங்கே ஆளுமை மதிப்பீட்டு ஆய்வு நிறுவனம் ஒன்று படைப்பாற்றலைத் துரத்திக்கொண்டிருந்தது. நாட்டின் பேர்போன 40 கட்டடக் கலைஞர்களை வாரக் கடைசியில் வரவழைத்துக் குடையோ குடை என்று குடைந்தார்கள். பிலிப் ஜான்சன், ஈரோ சாரினன் எல்லாம் அதில் உண்டு. நாற்பதும் ஆண்கள்.

அங்கே வேலை பார்த்த ரவென்னா ஹெல்சனுக்குக் கிடைத்த வேலை, படைப்பாற்றல் உள்ள பெண்களைப் பற்றி ஏதாவது பார்ப்பது. மிச்சம் மீதி என்று சொல்லலாம். பெர்க்லிக்குப் பக்கத்தில், ஓக்லாண்டில், மில்ஸ் என்ற பெண்கள் கல்லூரி. 1958, 1960 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அங்கே படிப்பை முடித்த 140 பெண்கள் அளவில் அவர் ஆய்வில் சேர்ந்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது 21 இருக்கும். 27-இல் மறுபடி போய்க் கேட்டார். 43-இல் கேட்டார். 52-இல், 61-இல், எழுபதைத் தாண்டியும் கேட்டார். கல்யாணம், குழந்தை, விவாகரத்து, வேலை, பெற்றோர் சாவு, பெண்ணிய இயக்கம், பணி ஓய்வு எல்லாம் அந்தக் கோப்புகளில் ஏறின. உதிரியாகத் தொடங்கிய வேலை, நிறுவனத்தின் மற்ற ஆய்வுகள் பல மறக்கப்பட்ட பிறகும் நடந்தது.

ஆண்களின் வாழ்க்கையை வைத்து 1978-இல் டேனியல் லெவின்சன் ஒரு புத்தகம் எழுதினார். சான்று 40 ஆண்கள். நாற்பது வயதில் ஒரு நெருக்கடி வரும் என்ற எண்ணம் உலகெங்கும் பரவ அதுவும் ஒரு காரணம். இன்று தமிழ்ப் படத்தில்கூட நாற்பதைத் தொட்ட நாயகன் புல்லட் வாங்குகிறான். மில்ஸ் பெண்களின் கோடு வேறு மாதிரிப் போனது. இருபத்தேழில் அவர்களில் பலர் கைக்குழந்தையோடு, தன்னம்பிக்கை குறைந்து இருந்தார்கள். ஐம்பது வயதை ஒட்டி, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, தெளிவும் துணிவும் கூடியிருந்தன. ஐம்பதின் தொடக்கமே பெண்ணின் உச்சப் பருவமா என்று 1990-இல் ஹெல்சனும் வலோரி மிட்செலும் ஒரு கட்டுரையில் கேட்டார்கள். மாமியார் ஆனபின் வீட்டில் குரல் உயர்ந்த நம் அத்தைமாரை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் அவ்வளவு ஆச்சரியம் இல்லை.

இதையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. மில்ஸ் மாணவிகள் பெரும்பாலும் வெள்ளையர், வசதியான வீட்டுப் பெண்கள். 'மனிதன்' என்று ஆண்களை மட்டும் எண்ணியது எப்படித் தவறோ, அப்படியே 'பெண்' என்று இவர்களை மட்டும் எண்ணுவதும்.

*

சரி, பெண்களைச் சேர்த்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்ததா? அங்கேதான் இரண்டாவது சார்பு உட்கார்ந்திருக்கிறது.

ஒரு குழந்தை ஆய்வில் முப்பது பையன்களும் முப்பது பெண்களும் இருக்கிறார்கள். பொம்மையை எத்தனை நேரம் பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி. கடைசியில் போகிறபோக்கில் ஆண் பெண் வித்தியாசத்தையும் கணினியில் தட்டிப் பார்ப்பார்கள். வித்தியாசம் வந்தால் அது ஒரு பத்தி, சில சமயம் தலைப்பு. வரவில்லை என்றால் ஒன்றும் எழுத மாட்டார்கள். 'ஆணும் பெண்ணும் ஒன்றுபோலப் பார்த்தார்கள்' என்பதை யார் அச்சிடுவார்? இப்படி நூறு ஆய்வகங்களில் நடந்தால், தற்செயலாக வித்தியாசம் வந்த ஐந்து மட்டும் நூலகத்துக்குப் போகும். தொண்ணூற்றைந்து மேசை இழுப்பறைக்குள் போகும்.

இதைப் பெரிய அளவில் கண்டு சொன்னவர்கள் ஸ்டான்ஃபர்டின் எலினார் மக்கோபியும் கரோல் ஜாக்லினும். 1974-இல் வந்த அவர்கள் புத்தகத்துக்காக 1,400-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் புரட்டினார்கள். பெண் பிள்ளைகள் அதிகம் கூடிப் பழகுவார்கள், சொன்னதை எளிதில் நம்புவார்கள், தன்மதிப்புக் குறைந்தவர்கள் என்று காலங்காலமாகச் சொல்லிவந்த பலவும் சான்று இல்லாமல் உதிர்ந்தன. சொல்வன்மை, இடவுணர்வு, கணிதம், முரட்டுத்தனம் என நான்கில் மட்டும் வித்தியாசம் ஓரளவு நிற்பதாக எழுதினார்கள். அந்த நான்கிலும் சில பின்னாளில் மெலிந்துபோயின. 2005-இல் ஜேனட் ஹைட் 46 தொகுப்பாய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆண் பெண் வித்தியாசங்களில் 78 விழுக்காடு சிறியவை அல்லது பூஜ்யத்தை ஒட்டியவை.

*

அளவுகோலே கோணலாக இருந்தால்?

ஸ்டான்ஃபர்டின் லூயிஸ் டெர்மன் ஐ.க்யூ. தேர்வை அமெரிக்காவுக்குப் பழக்கியவர். கேதரின் காக்ஸ் மைல்ஸுடன் சேர்ந்து 1936-இல் ஒருவரின் ஆண்மை, பெண்மையை அளக்க ஒரு தேர்வு வெளியிட்டார். 456 கேள்விகள். எழுதுகிறவர் உஷாராகிவிடக் கூடாதென்று 'மனப்பான்மை, ஆர்வப் பகுப்பாய்வு' என்று பூசி மெழுகிய பெயர். அடிப்படை எளிது: ஒரே கோல், ஒரு முனை ஆண், மறுமுனை பெண். ஒன்றில் கூடினால் மற்றதில் குறைய வேண்டும். துணிச்சலும் பரிவும் ஒரே ஆளிடம் இருக்க அந்தக் கோலில் இடமே இல்லை.

இதை உடைத்தது டெக்சஸ். ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜேனட் ஸ்பென்ஸ். மனப்பதற்றத்தை அளக்கும் கோலை 1950-களிலேயே செய்து பெயர் வாங்கியவர். சக உளவியலாளர் கென்னத் ஸ்பென்ஸை மணந்ததும் ஒரு விதி குறுக்கே வந்தது: கணவனும் மனைவியும் ஒரே துறையில் வேலை பார்க்கக் கூடாது. எல்லா விதிகளையும்போல இதிலும் வெளியே நின்றவர் மனைவிதான். கணவர் 1967-இல் இறந்தார். அடுத்த ஆண்டு ஜேனட் அந்த உளவியல் துறைக்கே தலைவர்.

1974-இல் அவரும் ராபர்ட் ஹெல்ம்ரைக்கும் ஜாய் ஸ்டாப்பும் ஒரு கோலை இரண்டாக்கினார்கள். செயலூக்கம் ஒன்றில், பரிவு இன்னொன்றில். ஒருவர் இரண்டிலும் உயரமாக இருக்கலாம், இரண்டிலும் குட்டையாகவும் இருக்கலாம். அதே ஆண்டு, ஸ்டான்ஃபர்டில் சாண்ட்ரா பெம் தனியாக இதே வழிக்கு வந்தார். நான்கு ஆண்டு கழித்து ஸ்டான்ஃபர்ட் அவருக்கு நிரந்தரப் பணி தர மறுத்தது. அவர் கார்னெலுக்குப் போனார். ஸ்பென்ஸ் தன் கோலுக்கும் எல்லை போட்டார்: இது சில பண்புகளை அளக்கிறது, அவ்வளவுதான், இதை 'ஆண்மை', 'பெண்மை' என்று முழங்காதீர்கள். யாரும் கேட்கவில்லை என்பது வேறு.

அதே டெக்சஸிலிருந்து வந்த இன்னொரு ஆய்வும் இங்கே சேர வேண்டும். 2012 அக்டோபர், ஒபாமாவுக்கும் ராம்னிக்கும் தேர்தல் நெருங்கிய நேரம். சான் அன்டோனியோவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா டுரான்டே தலைமையில் நடந்த ஆய்வைச் சி.என்.என். செய்தியாக்கியது. கருமுட்டை வெளிப்படும் நாட்களில் தனித்திருக்கும் பெண்கள் ஒபாமா பக்கமும் உறவில் இருப்பவர்கள் ராம்னி பக்கமும் சாய்கிறார்கள் என்பது சாரம். வாசகர்கள் கொதித்தார்கள், சில மணி நேரத்தில் செய்தி காணாமல் போனது. ஆய்வு மறு ஆண்டு முன்னணி இதழில் வந்தது. அதன் முதல் கட்டத்தில் 275 பெண்கள், இரண்டாவதில் 502.

கொதித்ததை விடுங்கள். புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மன் போன்றோரின் ஆட்சேபம்தான் கனமானது. கருவுறும் நாட்கள் என்று எதை எண்ணுவது? ஏழாம் நாளிலிருந்தா, பத்தாம் நாளிலிருந்தா? 'உறவில் இருப்பவர்' யார்? காதலிப்பவரா, சேர்ந்து வாழ்பவரா, மணமானவர் மட்டுமா? ஒவ்வொரு முச்சந்தியிலும் இரண்டு பாதை இருந்தால், ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லாமலே, எங்காவது ஒரு பாதை 'கண்டுபிடிப்பு' என்ற ஊரில் கொண்டுபோய் விட்டுவிடும். 2014-இல் கிறிஸ்டின் ஹாரிஸும் லாரா மிக்ஸும் மறுபடி சோதித்து, சுழற்சி அரசியல் கருத்தை மாற்றுகிறது என்பதற்குச் சான்று இல்லை என்றார்கள். பெண்கள் ஓட்டுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் கட்டுரைக்கு வைத்த தலைப்பு, உளவியல் இதழ்களில் அபூர்வமாகக் கேட்கிற சிரிப்பு. டுரான்டே குழு தன் முடிவை விட்டுக்கொடுக்காமல் பதில் எழுதியது. இரண்டு பக்கமும் ஆய்வை முன்னின்று நடத்தியவர்கள் பெண்கள் என்பதைக் கவனியுங்கள். 'தூரம்' என்ற பழைய கேள்வியை யார் கேட்டாலும் அதற்குப் பழைய பதில் காத்துக்கொண்டிருக்கிறது.

*

இதுவரை படித்தவர் ஒரு முடிவுக்கு வந்திருப்பார்: பெண்களுக்கு எதிரான சார்பு இருக்கிறது என்று காட்டுகிற ஆய்வை நம்பலாம், மற்றதைச் சந்தேகிக்கலாம். அந்த வசதியையும் நான் தர முடியாது. இழுப்பறை எல்லார் மேசையிலும் இருக்கிறது.

2012-இல் யேல் பல்கலைக்கழகத்தில், நியூ ஜெர்சியின் ரட்கர்ஸில் பயின்ற கொரின் மாஸ் ராகுசினும் சகாக்களும் ஆய்வக மேலாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பத்தை ஜான், ஜெனிஃபர் என்ற இரண்டு பெயர்களில் 127 அறிவியல் பேராசிரியர்களுக்கு அனுப்பினார்கள். ஜானுக்குச் சராசரியாக 30,238 டாலர் சம்பளம் தரலாம் என்றார்கள், ஜெனிஃபருக்கு 26,508. ஆண் பேராசிரியர், பெண் பேராசிரியர் இருவருமே இப்படித்தான். உலகமே பேசியது. மூன்று ஆண்டு கழித்து வெண்டி வில்லியம்ஸும் ஸ்டீபன் சீசியும் பேராசிரியர் வேலைக்கான கற்பனை விண்ணப்பங்களை வைத்துச் சோதித்தால், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பெண்ணையே தேர்ந்தெடுத்தார்கள். இதைப் பற்றி அவ்வளவு பேர் பேசவில்லை. ஆய்வக மேலாளர் வேலையும் பேராசிரியர் வேலையும் ஒன்றல்ல, இரண்டும் உண்மையாக இருக்க இடமுண்டு.

தேர்வு அறையிலும் இதே இழுபறி உண்டு. நியூ ஜெர்சியில் பிள்ளை வளர்க்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு அக்டோபர், கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்.ஏ.டி.க்கு முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி. மாதம். எடிசனிலும் பிளெயின்ஸ்பரோவிலும் சனிக்கிழமை வகுப்புகள் நிரம்பி வழியும். அந்தத் தேர்வுகளை நெடுங்காலம் உருவாக்கிவந்த இ.டி.எஸ். நிறுவனம் பிரின்ஸ்டனை ஒட்டி, லாரன்ஸ் ஊராட்சியில் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. பள்ளி மதிப்பெண்ணில் பெண்கள் முன்னே, எஸ்.ஏ.டி.யில் பையன்கள் முன்னே என்ற முரண் பல காலம் இருந்தது. எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை மட்டும் வைத்து உதவித்தொகை தருவது பெண்களுக்குப் பாரபட்சம் என்று 1989-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஷரீஃப் வழக்கு என்பார்கள்.

ஸ்டான்ஃபர்டின் கிளாட் ஸ்டீல் அந்த முரணுக்கு ஒரு விளக்கம் தந்தார். பெண்ணுக்குக் கணக்கு வராது என்ற ஊர்ப்பேச்சு தேர்வு அறையில் நினைவுக்கு வந்தாலே போதும், அந்தப் பதற்றம் மதிப்பெண்ணைத் தின்றுவிடும். 1999-இல் ஸ்டீவன் ஸ்பென்சர், டயான் குவின் இருவருடன் அவர் வெளியிட்ட சோதனைகள் புகழ்பெற்றன. கேட்டவுடனே உண்மை என்று தோன்றுகிற கருத்து. எனக்கும் தோன்றியது. 2018-இல் நெதர்லாந்தில், முடிவு எப்படி வந்தாலும் அச்சிடுவது என்று முன்கூட்டியே உறுதிசெய்துகொண்டு, 2,064 பள்ளி மாணவர்களிடம் சோதித்தார்கள். விளைவு ஏதும் தென்படவில்லை.

இ.டி.எஸ்.ஸின் லாரன்ஸ் ஸ்டிரிக்கரும் வில்லியம் வார்டும் இதை அதற்கு முன்பே உண்மையான தேர்விலேயே பார்த்திருந்தார்கள். விண்ணப்பத் தாளில் 'ஆணா, பெண்ணா' என்று கேட்கும் கட்டத்தைச் சிலருக்குக் கால்குலஸ் தேர்வுக்கு முன்னும் சிலருக்குத் தேர்வுக்குப் பின்னும் கொடுத்தார்கள். பொருட்படுத்தும்படி வித்தியாசம் இல்லை என்று எழுதினார்கள். 2008-இல் கெல்லி டனஹரும் கிறிஸ்டியன் கிராண்டலும் அதே எண்களை மறுபடி கணக்குப் போட்டு, கட்டத்தைத் தேர்வுக்குப் பின்னால் தள்ளினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,700 பெண்கள் கூடுதலாகத் தேறுவார்கள் என்றார்கள். ஸ்டிரிக்கரும் வார்டும் ஒப்புக்கொள்ளவில்லை. நெதர்லாந்து ஆய்வைப் படித்த பிறகு என் மனம் இ.டி.எஸ். பக்கமே சாய்கிறது. ஆனாலும் அந்தக் கட்டம் முதல் பக்கத்தில் ஏன் இருந்தது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. கடைசிப் பக்கத்துக்கு மாற்ற ஒரு காசு செலவாகியிருக்காது.